தண்ணித்தொட்டிக் கோட்டை

தம்பி, அந்தச் சன்னலோர சீட்டை எனக்குக் குடுக்குறீங்களா? காத்து வாங்க இல்ல. சன்னல் பக்கம் உக்காந்தாத்தான் இந்தச் சனியனுக்கு டவர் நல்லாக் கெடைக்குது. நல்லா இருங்க. கோயம்புத்தூர் வரைக்குமா? நானும் அங்கதான். அஞ்சு மணி நேரம் போகும்ல, ரெண்டு பேருக்கும் பொழுது போகணும்.

என்ன அப்பிடிப் பாக்குறீங்க? ஆமா, கேம்தான். அறுவத்திநாலு வயசுல, தலை பூராம் நரைச்ச ஆளு போனை வச்சுக்கிட்டுப் பூதம் புடிக்கிறானேன்னு பாக்குறீங்க. பாருங்க, பாருங்க. திருமங்கலமே பாத்துச் சிரிச்சு முடிச்சிருச்சு. நான் பொழுதுபோக்குக்கு விளையாடலை தம்பி. ஒருத்தரைப் பழி வாங்குறதுக்கு விளையாடுறேன். இப்பக் கோயம்புத்தூருக்குப் போறதும் அதுக்குத்தான்.

சிரிக்காதீங்க. கேட்டுட்டு அப்புறம் சிரிங்க.

என் பேரு முத்திருளப்பன். மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். கூடப் பொறந்தது ஒரே தங்கச்சி, பொன்னழகு. அழகுன்னு கூப்பிடுவோம். அவ புருசன்தான் குருநாதன். பஜார்ல பாத்திரக்கடை. என்னைவிட ரெண்டு வயசு மூப்பு. எங்க வீட்டுக்கும் அவரு வீட்டுக்கும் நடுவுல ரெண்டே தெரு. இருவத்தோரு வருசமாப் பேச்சுவார்த்தை கெடையாது. அவரு வர்ற தெருன்னா நான் அடுத்த தெருவுல பூந்து போயிருவேன். அவரும் அப்பிடித்தான். 'ரு' போட்டுப் பேசுறேன்னு பாக்காதீங்க. தங்கச்சி புருசன். திட்டுனாலும் 'ரு' போட்டுத்தான் திட்டணும், எங்க பக்கம் அப்பிடி.

என்ன பகைன்னு கேக்குறீங்க. சொல்றேன். நீங்களே ஞாயம் சொல்லுங்க.

கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சு அழகுக்கு ஒரு பொம்பளைப் புள்ள பொறந்துச்சு. இந்துஜா. அதுக்கு அவங்க குலசாமி கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்தணும். காது குத்துன்னா யாரு மடி? தாய்மாமன் மடி. அதுல ரெண்டு பேச்சு உண்டா? கலெக்டரா இருந்தாலும் சரி, கஞ்சிக்கு இல்லாதவனா இருந்தாலும் சரி, அன்னைக்கு ஒரு நாளைக்கு அவன்தான் ராசா. நான் விட்டுருவேனா? அம்பத்தோரு தட்டு வச்சேன் தம்பி. பழம், பூ, பட்டு, வெண்கலக் குத்துவிளக்கு. மாலை போட்ட கிடாய் ரெண்டு. முன்னால நாயனம், தவுலு, பின்னால வேட்டு.

வேன்ல நேராப் போயிக் கோயில் வாசல்ல எறங்கிருக்கலாம். ஆனா சீரு கொண்டுபோறது எதுக்கு? நாலு பேரு பாக்கத்தான? பஸ் ஸ்டாண்டு சுத்தி, மார்க்கெட்டு சுத்தி, அவரு பாத்திரக்கடை வாசல்ல நின்னு ரெண்டு பாட்டு வாசிக்கச் சொன்னேன். அங்க ஒரு சரவெடி. அப்புறம் ரயில்வே கேட்டு வேற மூடிட்டான். அது என் தப்பா? கோயிலுக்குள்ள நுழையிறப்ப மணி பத்து நாப்பது.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலமாம். நான் நுழையிறேன், புள்ள காதுல மஞ்சளும் ரத்தமுமா வீல்னு கத்திக்கிட்டு இருக்கு. யாரு மடியிலங்கிறீங்க? எம் பெரியப்பா மகன் சின்னச்சாமி மடியில. அந்தப் பய விருந்துக்கு வந்தவன். சட்டையில பித்தான்கூட ஒழுங்காப் போடலை. அவனும் மாமன் மொறைதானன்னு தூக்கி உக்கார வச்சுக் காதைக் குத்திப்புட்டாய்ங்க. தவுல்காரரு கம்பை அந்தரத்துல புடிச்சபடி நிக்கிறாரு. அம்பத்தோரு தட்டோட பொம்பளைக நிக்கிறாக. குருநாதன் என்னையப் பாத்து ஒரு வார்த்தை சொன்னாரு தம்பி. "என்னப்பா, ஊர்கோலம் முடிஞ்சிருச்சா?"

ஒட்டுமொத்த சனமும் சிரிச்சுச்சு.

பத்து நிமிசம்! வெறும் பத்து நிமிசம் பொறுக்க முடியாதா? ராகு என்ன புள்ளையைக் கடிச்சா தின்றப் போகுது? அம்பத்தோரு தட்டையும் அப்பிடியே திருப்பித் தூக்கச் சொல்லிட்டு வந்துட்டேன். கிடாயையும் விடலை, அவுத்துக் கூட்டியாந்துட்டேன். அதோட சரி. புள்ள பெரிய மனுசியானப்ப அழகு வந்து எம் வாசல்ல நின்னு அழுதா. குச்சு கட்ட வாண்ணேன்னா. போகலை. தாய்மாமன் கட்ட வேண்டிய பச்சை ஓலைக் குச்சையும் அந்தச் சின்னச்சாமிதான் கட்டுனான். மனசுக்குள்ள எழுதி வச்சுக்கிட்டேன், என்னைக்காவது ஒரு நாள் இந்த ஆளை ஊரு சிரிக்கத் தோக்கடிக்கணும்னு. எப்பிடின்னுதான் தெரியலை. பாத்திரக்கடைக்காரரை மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் எதுல போயித் தோக்கடிக்கிறது?

போன வருசம் சித்திரையில எனக்குச் சர்க்கரை முன்னூத்திப் பத்து. டாக்டரு நடங்கன்னாரு. சோலி இல்லாம எப்பிடி நடக்குறது? தெரு முக்கு வரைக்கும் போவேன், வடை திம்பேன், திரும்பிருவேன். எம் மகன் பொண்டாட்டி மெட்ராஸ்ல இருந்து லீவுக்கு வந்தவ, "மாமா, இது இருந்தா நீங்க நடப்பீங்க"ன்னு பூதப்படைங்கிற இந்தக் கேமைப் போன்ல ஏத்திக் குடுத்துட்டுப் போனா.

இது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல தம்பி. நம்ம ஊரு தெரு அப்பிடியே இதுல தெரியும். நடந்தா இதுக்குள்ள இருக்கிற நாமளும் நடப்போம். போனைத் தூக்கிப் பாத்தா ரோட்டு மேல, நெசமான ரோட்டு மேல, பூதம் ஒண்ணு சப்பணம் போட்டு உக்காந்திருக்கும். போனை எறக்குனா வெறும் ரோடு. அதைப் புடிச்சுப் பைக்குள்ள போட்டுக்கிறலாம். கட்சி ரெண்டு, செகப்பு, பச்சை. ஊருக்குள்ள முக்கியமான எடமெல்லாம் கோட்டை. தபாலாபீஸ் ஒரு கோட்டை, தேரடி ஒரு கோட்டை, முனிசிபாலிட்டித் தண்ணித்தொட்டி ஒரு கோட்டை. கோட்டையைப் புடிச்சு நம்ம பூதத்தைக் காவலுக்கு வைக்கலாம். எதுத்த கட்சிக்காரன் வந்து அடிச்சு விழுத்தாட்டுனா அது அவன் கோட்டை. ஆனா ஒண்ணு, வீட்டுல உக்காந்து அடிக்க முடியாது. கோட்டைக்குக் கிட்டப் போயி நின்னாத்தான் அடிக்கலாம். நடந்தாகணும்.

நான் பாட்டுக்குச் செகப்புல சேந்தேன். ஒரு நாள் காலையில தண்ணித்தொட்டிக்குப் போறேன். பச்சைக் கோட்டை. போனைத் தூக்கிக் காட்டுனா, தொட்டி உச்சியில மீசை வச்ச பூதம் ஒண்ணு கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கு. யாரு வச்சதுன்னு கீழ பேரு போட்டுருக்கும். படிச்சேன். 'குருநாதன் பாத்திரக்கடை'.

ஆமா தம்பி! ஊரு ஒலகத்துல எல்லாப் பயலும் புலி, சிங்கம்னு பேரு வச்சுக்கிட்டு விளையாடுறான். இவரு கடைப் பேரைப் போட்டு விளையாடுறாரு, யாவாரம் நடக்கும்னு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சாமி கண்ணைத் தொறந்திருச்சுன்னு நெனச்சேன். அங்கனயே ஒரு கல்லு மேல உக்காந்து எம் பேரை அழிச்சுட்டு 'தாய்மாமன்'னு மாத்துனேன். யாரு அடிச்சான்னு அவருக்குத் தெரியணும்ல?

அடிச்சேன். வெரலு வீங்குற வரைக்கும் தட்டுனேன். தொட்டிக்குக் கீழ பைப்புல தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்த பொம்பளைக பிடிபிடின்னு புடிச்சுக்கிட்டாளுக. "ஏய்யா, பேரன் பேத்தி எடுக்குற வயசுல பொம்பளைக நிக்கிற எடத்துல போனைக் காட்டிக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?" நான் மேல தொட்டியைத்தான் காட்டுறேன்னு சொன்னா எவ நம்புறா? ஒருத்தி கொடத்தோட வந்துட்டா. நானும் தட்டுறதை விடலை. வஞ்சாலும் பரவால்லன்னு தட்டுனேன். அந்த மீசைப் பூதம் தலைகுப்புற விழுந்துச்சு பாருங்க, அடடா! தொட்டி பச்சையில இருந்து செகப்பாச்சு. அன்னைக்கு வீட்டுக்குப் போயி ரெண்டு தோசை சேத்துத் தின்னேன். பொண்டாட்டி கேட்டா, என்ன இன்னைக்கு மூஞ்சி இப்பிடி இருக்குன்னு. சொல்லலையே.

காவலுக்கு வைக்கிற பூதத்துக்கு நாமளே ஒரு பேரு வைக்கலாம். கொஞ்ச எழுத்துதான் புடிக்கும். ஆனா வர்றவன் போறவனெல்லாம் படிக்கலாம். நான் என்ன பேரு வச்சேன் தெரியுமா? 'பத்து நிமிசம்'. நல்லா இருக்குல்ல? மறுநாக் காலையில போறேன், தொட்டி பச்சை. உச்சியில புதுப் பூதம். பேரு 'ராகுகாலம்'.

பாத்தீங்களா கொழுப்பை!

அன்னையில இருந்து மல்லுக்கட்டு. அவரு காலையில அஞ்சரைக்கு வந்து புடிப்பாரு, நான் ஆறரைக்குப் போயி அடிப்பேன். நேருக்கு நேரா வர்றது கெடையாது, ரெண்டு பேரும் நேரம் பாத்து வருவோம். நான் 'மடித்திருடன்'னு வச்சா அவரு 'ரயில்வே கேட்டு'ன்னு வைப்பாரு. நான் 'சின்னச்சாமி அடிமை'ன்னு வச்சேன், அவரு 'ஓட்டைத் தவுலு'ன்னு வச்சாரு. தொட்டியோட நிக்கலை. தேரடி, தபாலாபீஸ், பழைய தியேட்டரு, ரயில்வே பாலம்னு ஊரைச் சுத்தி அடிச்சோம். தினம் ஆறு மைலு, ஏழு மைலு. எருமை மேல முட்டிருக்கேன், சாக்கடையில காலை விட்டுருக்கேன், எதுக்கும் அசரலை. டீக்கடையில எளவட்டப் பயலுக பூராம் எங்க ரெண்டு பேரு பூதப் பேரைத்தான் பேப்பரு மாதிரிப் படிப்பாய்ங்க.

ஒரு நாள் என்ன பேரு வச்சிருந்தாரு தெரியுமா? 'இந்துஜாவுக்கு வேலை'. மறுநாள் 'கோவை கம்பெனி'. அதுக்கு மறுநாள் 'நல்ல சம்பளம்'. பீத்தலைப் பாருங்க தம்பி! எம் மகளைப் பாரு, நீ தூக்கி வளக்காமலே ஆளாயிட்டாங்கிறாரு. நானும் விடலை. 'ரொம்பப் பெருமை'ன்னு வச்சேன். அன்னைக்குப் பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்கா உடைச்சேன். அது வேற விசயம். அது புள்ளைக்கு. அந்தாளுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

இப்பிடி எட்டு மாசம் ஓடுச்சு. நான்தான் கூட ஜெயிச்சேன், கணக்குப் பாத்தா. சரி, சமம்னு வச்சுக்கங்களேன்.

தை மாசம் மார்க்கெட்டுல அழகைப் பாத்தேன். அவ எங்கூடப் பேசுவா, அவரு கண்ணுல படாம. மொச்சைக் காயைப் பொறுக்கிக்கிட்டே சொல்றா, "அண்ணே, அவருக்குச் சர்க்கரை எரநூத்தி எம்பதுல இருந்து நூத்தி முப்பதுக்கு வந்துருச்சுண்ணே. தொந்தி வத்திருச்சு. பழைய சட்டையெல்லாம் தொளதொளங்குது. விடிய முன்னாடியே எந்திரிச்சு ஓடுறாரு. டாக்டரே கேக்குறாரு, என்ன மருந்து சாப்புடுறீங்கன்னு." சொல்லிட்டுச் சிரிக்கிறா தம்பி.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும், சொல்லுங்க? எட்டு மாசமா வயிறெரிஞ்சு, காலு தேஞ்சு, எருமை மேல முட்டி, பொம்பளைககிட்ட வசவு வாங்கி, நான் பழி வாங்குறேன். அது அந்தாளுக்கு டானிக்காப் போயிருக்கு! எம் பகையைக் குடிச்சு அவரு உடம்பைத் தேத்திருக்காரு! என் சர்க்கரையா? அதுவும் நூத்தி நாப்பதுதான். அதைப் பத்தி இப்பப் பேச்சு இல்ல.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். உன்னைய நடக்க வச்சது நான்தான? உக்கார வைக்கிறேன் பாரு. வடம் இழுக்குற போட்டியில எதுத்த பக்கம் சட்டுன்னு கையை விட்டுட்டா என்னாகும்? மல்லாக்க விழுவாய்ங்கள்ல? அதான். விளையாட்டை நிறுத்திட்டேன். போனை எடுத்துப் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, கை நமநமங்கும். ஆனாலும் தொடலை. காலையில மட்டும் தொட்டிக்கு எதுத்த டீக்கடையில, உள்ளாற அடுப்புக்குப் பின்னால உக்காந்து பாப்பேன். அவரு வருவாரு. போனை எடுப்பாரு. தொட்டி அவரு வச்சபடியே பச்சையா இருக்கும். அங்கிட்டுப் பாப்பாரு, இங்கிட்டுப் பாப்பாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிருவாரு. எனக்குப் பாயாசம் குடிச்ச மாதிரி இருக்கும்.

என்ன எழுதிருக்காருன்னு டீக்கடைப் பயலுக படிச்சுச் சொல்லிருவாய்ங்க. மொத வாரம் 'பயந்துட்டியா'. அப்புறம் 'தொட்டி சும்மா இருக்கு'. அப்புறம் 'மாமன் எங்கே'. நான் மசியலை. மூணாவது வாரம் என்ன வச்சாரு தெரியுமா? 'உடம்புக்கு என்ன'. பாத்தீங்களா நக்கலை! எனக்கு ஏதாச்சும் ஆயிப் போச்சான்னு ஆசையாக் கேக்குறாரு. டீ மாஸ்டர் வேற சொல்றாரு, "அண்ணே, பாத்திரக்கடைக்காரரு நேத்து எங்கிட்டயே வந்து கேட்டாரு. முத்திருளப்பன் ஊருல இல்லையா, ஆஸ்பத்திரியில எதுவும் சேத்துருக்காய்ங்களான்னு. நீங்க உள்ளாற உக்காந்திருக்கீங்க, நான் என்ன சொல்லட்டும்?" நான் சொன்னேன், தெரியாதுன்னு சொல்லுய்யா, தவிக்கட்டும்.

என்ன தம்பி, மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க? நக்கல்தான் அது. உங்களுக்கு அந்தாளைப் பத்தித் தெரியாது.

அதுக்கப்புறம் அவரு வர்றது கொறைஞ்சு போச்சு. தினம் வந்தவரு ரெண்டு நாளைக்கு ஒருக்கா வந்தாரு. வந்தாலும் நிக்கிறதில்ல. மாசி முடியிறப்ப வர்றதே இல்ல. காவல் பூதத்துக்குத் தீனி போடாம விட்டா அதுவாச் சோந்து விழுந்துரும். விழுந்துருச்சு. கோட்டை பச்சையும் இல்ல, செகப்பும் இல்ல, சாம்பக் கலரா யாருக்கும் இல்லாமக் கெடக்கு. பொட்டியில இருந்து போனை எடுத்து நானே பாத்தேன். புடிக்கலாம்ல? ரெண்டு தட்டுத் தட்டுனா எம் கோட்டை. புடிக்கலை. கேப்பாரு இல்லாததைப் புடிச்சு என்ன பெருமை?

பங்குனி பொறந்ததும் சேதி வந்துச்சு. கடையில உக்காந்திருந்தவரு அப்பிடியே சரிஞ்சுட்டாராம். அட்டாக்கு. மதுரைக்குத் தூக்கிட்டுப் போயி வயரு விட்டு அடைப்பை எடுத்து, பொழைக்க வச்சுட்டாய்ங்க. பாத்துக்க ஆளு வேணும்னு இந்துஜா அவரையும் அழகையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு.

நான் என்ன பண்ணேன், சொல்லுங்க? கையால தொட்டேனா? வாயால வஞ்சேனா? சும்மாதான இருந்தேன். சும்மா இருக்கிறது ஒரு குத்தமா? நீங்களும் ஒரு மாதிரியாத்தான் பாக்குறீங்க.

போன ஞாயித்துக்கெழமை அழகு போன் போட்டா. எடுத்த ஒடனே, நல்லாருக்கியான்னுகூடக் கேக்கலை. "ஏண்ணே விளையாட்டை நிறுத்துன?"ன்னா.

தெரியாத மாதிரி, எந்த விளையாட்டுன்னேன்.

"நடிக்காத. தாய்மாமன்னு பேரை வச்சுக்கிட்டு ஊரைச் சுத்துனது வேற யாரு? மொத நாளே எங்களுக்குத் தெரியும். தினம் வந்து எங்கிட்டச் சொல்லுவாருண்ணே. இன்னைக்கு உங்கண்ணன் என்ன எழுதிருக்கான் கேளுடீன்னு. பல்லு வெளக்குறப்பவே சிரிப்பாரு, நாளைக்கு இதைப் பாத்தா அவனுக்கு எப்பிடி இருக்கும்னு."

சிரிச்சாராம் தம்பி! நான் வயிறு எரிய எரிய எழுதுனதை வச்சு, வீட்டுல உக்காந்து சிரிச்சிருக்காரு!

அப்புறம் அழகு சொன்னா, "இப்பச் செவுத்தைப் பாத்துப் படுத்தே கெடக்குறாரு. டாக்டரு எந்திரிச்சு நடக்கச் சொல்றாரு. நடந்தாத்தான் பொழைப்பாரு, இப்பிடியே கெடந்தா அடுத்த தடவை தாங்காதுங்கிறாரு. இந்துஜா காலைப் புடிச்சுக் கெஞ்சுது. எதுக்கு நடக்கணும், எங்க போகணும்கிறாரு. போனைக் கையால தொடுறதே இல்ல." மூக்கை உறிஞ்சுறா. அழுகுறான்னு தெரியுது. அப்புறம் சொன்னா, "நீ பாக்க வர மாட்டேன்னு எனக்குத் தெரியும். பாக்க வர வேண்டாம். சண்டைக்காவது வாண்ணே."

சண்டைக்குக் கூப்பிட்டா முத்திருளப்பன் போகாம இருப்பானா? அதான் கெளம்பிட்டேன்.

இந்துஜா குடியிருக்கிற வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு பிள்ளையார் கோயில் இருக்காம். கேம்ல அது கோட்டை. அழகை எண்ணச் சொன்னேன். கட்டில்ல இருந்து வாசல், வாசல்ல இருந்து பிள்ளையாரு, மொத்தம் நூத்தி இருவது தப்படி. கட்டில்ல படுத்துக்கிட்டு எட்டாது. எந்திரிச்சு வந்தே ஆகணும். அந்தக் கோட்டையை இன்னைக்குச் சாயந்தரம் நான் புடிக்கிறேன். அவரு போன்ல அது செகப்பாத் தெரியும். காவல் பூதத்துக்கு என்ன பேருன்னு அழகு வாசிச்சுக் காட்டிருவா. சொல்லி வச்சுட்டேன்.

அந்தாளு வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன், அதுல மாத்தம் இல்ல. அதே தெருவுல ரூம் பாத்துருக்கு. சும்மா பத்துப் பதினஞ்சு நாளு. சரி, ஒரு மாசம். மாத்திரையெல்லாம் ஒரு மாசத்துக்குத்தான் எடுத்துருக்கேன். பொண்டாட்டிகிட்ட மருதமலைக்குப் போறேன்னு சொல்லிருக்கேன். அவ நம்பலை. நாலு பனியனை எடுத்து வச்சுட்டு, "முருகனுக்கு எதுக்குய்யா பவர் பேங்கு ரெண்டு?"ன்னு கேக்குறா.

பல்லடம் தாண்டிருச்சா? இந்தா, எந்தப் பக்கம் திருப்புனாலும் கோட்டையாத் தெரியுது பாருங்க. பெரிய ஊருல்ல.

என்ன கேட்டீங்க? எந்திரிக்கலைன்னாவா?

வாயைக் கழுவுங்க தம்பி. படிச்ச புள்ளை கேக்குற கேள்வியா இது? எந்திரிக்காம என்ன பண்ணுவாரு? நான் அவரு வாசலுக்கு எதுக்க கொடி நட்டுட்டு நிப்பேன், அவரு படுத்துருவாரா? இன்னைக்கு எந்திரிக்கலையா, நாளைக்கு வேற பேரு வைப்பேன். நாளைக்கும் இல்லையா, நாளன்னைக்கு. எனக்கு என்ன சோலி? இருவத்தோரு வருசம் நின்னவன், ஒரு மாசம் நிக்க மாட்டனா? நான் அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தாளு எங்கயும் போக முடியாது. போக விட மாட்டேன். நான் எம் பழியை எங்கிட்டுப் போயி எறக்கி வைக்கிறது?

சரி, கோவப்பட்டுட்டேன். தப்பா நெனைக்காதீங்க. ஒரு உபகாரம் பண்ணுங்க. இப்பவே பூதத்துக்குப் பேரு அடிச்சு வச்சுட்டா, போய் எறங்குன ஒடனே காவலுக்கு வச்சுரலாம். காலையில இருந்து அடிச்சு அடிச்சுப் பாக்குறேன், பஸ்ஸு குலுக்குற குலுக்குல ஒண்ணும் ஆகலை. எழுத்து மாறி மாறி விழுகுது. நீங்க அடிங்க, நான் சொல்றேன்.

மொதல்ல 'படுத்துட்டியா'ன்னு வைக்கலாம்னு நெனச்சேன். வேண்டாம். 'கோழை'ன்னு? ம்ஹூம், கோவத்துல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டாருன்னா. மதுரையில பஸ் ஏறுனதுல இருந்து யோசிச்சு ஒண்ணு வச்சிருக்கேன். அடிங்க. 'எந்திரிங்க மச்சான்'.

என்ன நிறுத்திட்டீங்க? அடிங்க தம்பி. மச்சான்னு மரியாதைக்காகப் போடலை. அது மொறை, அம்புட்டுத்தான். வேற எப்பிடிக் கூப்பிடுறது அவரை? அடிச்சாச்சா? எங்க, காட்டுங்க. கண்ணாடி எங்க வச்சேன். நீங்களே ஒருக்கா வாசிங்க. சத்தமா வாசிங்க, பஸ்ஸு எரைச்சல்ல கேக்கலை.

ம். நல்லாத்தான் இருக்கு. வரட்டும். நூத்தி இருவது தப்படியும் நடந்து வரட்டும். செவுத்தைப் புடிச்சுக்கிட்டு வருவாரோ, அழகு தோளைப் புடிச்சுக்கிட்டு வருவாரோ, வந்து பிள்ளையாருக்கு முன்னால நிக்கட்டும். வந்து எம் பூதத்தைத் தட்டட்டும். அன்னைக்கு நான் அடிக்கிற அடியில மறுநாளும் எந்திரிச்சு வந்தாகணும் தம்பி. மறுநாளும் விட மாட்டேன்.